முப்பது பிள்ளைகள், முப்பது குறிப்பேடுகள்

நூலின் பெயர், ஆசிரியர் பெயர், கதைச் சுருக்கம், கதை சொல்லும் நீதி. ‘வாசிப்புக் குறிப்பேடு’ என்று அட்டை போட்ட நோட்டுகளைத் தொடக்கப் பள்ளிகளில் புரட்டினால் பெரும்பாலும் இந்த நான்கு தலைப்புகள்தான் கண்ணில் படும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பிள்ளைகள் பார்த்து எழுதியிருப்பார்கள். கையெழுத்து மாறும், வாசகம் மாறாது. “இருக்கிற நோட்டு பத்தாதுன்னு இது வேறயா?” என்று பெற்றோர் அலுத்துக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

‘செயல்பாடு’ என்ற பெயரில் நடப்பது இன்னொரு பக்கம். ஒரு நாள் காகித முகமூடி, ஒரு நாள் தெர்மாகோல் கப்பல். இரவு ஒன்பது மணிக்கு அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார், அம்மா ஒட்டுவார், பிள்ளை தூங்கிப்போயிருக்கும். படித்த கதைக்கும் அந்தக் கப்பலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குறிப்பேடும் செயல்பாடும் தனித்தனியே நிற்பதுதான் இங்கே சிக்கல். குறிப்பேட்டில் பிள்ளை எழுதியதிலிருந்து செயல்பாடு பிறக்க வேண்டும், செயல்பாட்டில் கண்டது மறுபடி குறிப்பேட்டுக்கு வர வேண்டும். இது எப்படி நடக்கும் என்பதைத் தூத்துக்குடிக் கரையை முன்னால் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையையும், அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தலையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, கதை, பாடல், பொம்மலாட்டம் ஆகியவற்றைப் பாடத்தின் பகுதியாக்கியது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னக் கதை நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் தந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கென்றே ‘ஊஞ்சல்’ இதழ் வருகிறது. ஆகவே, படிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி பழையதாகிவிட்டது. படித்த பிறகு என்ன என்பதுதான் இப்போதைய கேள்வி.

அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938லேயே ஒன்றைச் சொன்னார்: ஒரு கதையின் பொருள் அச்சில் மட்டும் இல்லை, படிப்பவரும் பனுவலும் சந்திக்கிற இடத்தில் அது உருவாகிறது. படிப்பவர் மாறினால் சந்திப்பும் மாறும். வாசிப்புக் குறிப்பேடு அந்தச் சந்திப்பை எழுதி வைக்கிற இடம். கதையைச் சுருக்கி எழுதுவது வேறு பயிற்சி. அதற்குத் தமிழ்ப் பாட நோட்டு இருக்கிறது. குறிப்பேட்டில் பிள்ளை எழுத வேண்டியது மூன்றில் ஒன்றுதான்: எனக்கு எது பிடித்தது அல்லது பிடிக்கவில்லை, எனக்கு எது புரியவில்லை, இதைப் படித்ததும் எனக்கு எது ஞாபகம் வந்தது. இரண்டு வரி போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் வகுப்பில் தாகமெடுத்த காக்கையின் கதை படிக்கிறார்கள். பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர், காக்கை கல்லைக் கல்லாகப் போடுகிறது, தண்ணீர் மேலே வருகிறது. தூத்துக்குடியின் திரேஸ்புரத்துப் பிள்ளை ஒருத்தி குறிப்பேட்டில் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “எங்க கடக்கரைல கல்லு கெடையாது. மனல்தான் கெடக்கு. சிப்பி கெடக்கு. காக்கா மனல போட்டா தண்ணி மேல வருமா?”

பழைய முறையில் இந்தப் பக்கத்துக்கு என்ன நேரும்? ‘மனல்’ சிவப்பு மையில் வட்டமிடப்படும், ‘கடக்கரை’ அடிக்கப்படும், ‘முயற்சி திருவினையாக்கும்’ எழுதவில்லையே என்று திருப்பிக் கொடுக்கப்படும். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் கரும்பலகையைப் பார்த்து எழுதிவிடுவாள். பிறகு அவளுக்குக் கேள்வியே வராது.

மாறாக, ஆசிரியர் அதே பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுதலாம்: “மணலைப் போட்டதாகக் கதையில் இல்லை. நாளைக்கு நாம் போட்டுப் பார்ப்போமா? கடற்கரையிலிருந்து கொஞ்சம் மணலும் சிப்பியும் கொண்டு வா.” இந்தப் பதிலில் ‘மணல்’ சரியான எழுத்தில் இருக்கிறது, ‘கடற்கரை’யும் இருக்கிறது. பிள்ளை தன் வரியையும் ஆசிரியரின் வரியையும் மேலும் கீழுமாகப் பார்ப்பாள். பலருக்கு இதுவே திருத்தம். அடுத்தடுத்த பக்கங்களிலும் ன, ண மாறிமாறி வந்தால், அதைத் தமிழ்ப் பாட வேளையில் வகுப்பு முழுமைக்கும் எடுத்துக்கொள்ளலாம். குறிப்பேட்டில் சிவப்பு மை வேண்டாம்.

மறுநாள் செயல்பாடு தானாக அமைந்துவிடுகிறது. ஒரே அளவுள்ள ஆறு பிளாஸ்டிக் டம்ளர்கள் போதும். மூன்றில் கால் அளவு தண்ணீர், மூன்றில் பாதிக்குச் சற்று மேல். ஒவ்வொரு மூன்றிலும் ஒன்றில் சிறு கல், ஒன்றில் மணல், ஒன்றில் சிப்பி ஓடு என விளிம்பு வரை நிரப்ப வேண்டும். நிரப்பும் முன் எதில் தண்ணீர் மேலே வரும் என்று ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகு மாற்றக்கூடாது.

கால் தண்ணீர் டம்ளர்களில் எதிலும் தண்ணீர் விளிம்புக்கு வராது. குவிந்து கிடக்கும் கற்களுக்கு நடுவே ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளி இருக்கும். இருக்கிற தண்ணீரெல்லாம் அந்தச் சந்துகளுக்குள் போய்விடும். பாதிக்கு மேல் தண்ணீர் உள்ளவற்றில் கல்லிலும் மணலிலும் தண்ணீர் தலைகாட்டும். சிப்பி ஓடுகள் ஏறுக்குமாறாகக் கிடந்து நிறைய இடம் விடுவதால் அது தடுமாறும். அதையே உடைத்துப் போட்டால் கதை வேறு. ஆகக் கதையில் வருகிற பானையில் தண்ணீர் ரொம்ப அடியில் இருந்திருந்தால் காக்கையின் பாடு திண்டாட்டம்தான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகள் உண்மையிலேயே கல் போட்டுத் தண்ணீரை உயர்த்திப் புழுவை எடுத்ததை 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள் என்ற செய்தியை அப்போது சொன்னால் அது வகுப்பில் நிற்கும். அன்று குறிப்பேட்டில் எழுதச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்காது.

எழுத்து இன்னும் கைவராத ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு என்ன செய்வது? வரையட்டும். வரைந்ததைப் பற்றிப் பிள்ளை ஒரு வாக்கியம் சொல்ல, ஆசிரியர் அதை அப்படியே அடியில் எழுதித் தரலாம். சொன்னது பேச்சுத் தமிழில் இருந்தால் எழுதுவதும் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைத்தான் பிள்ளை முதலில் வாசிக்கும். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் இதையே சொல் அளவில் செய்தார். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டிய சொல்லைக் கேட்க, அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டைகளே அவர்களின் முதல் வாசகமாயின. 1963இல் வந்த ‘டீச்சர்’ என்ற அவருடைய நூல் இதை விரிவாகச் சொல்கிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் குறிப்பேடு வீட்டுக்குள்ளும் போகலாம். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அன்றைக்கு இருபது வயது இளைஞராக இருந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். முத்தைப் பற்றி ஒரு கதை படித்த பிள்ளை, வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வர மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போகலாம். தண்ணிக்குள்ளே எவ்வளவு நேரம் மூச்சடக்க முடியும்? கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்வார்களே, ஏன்? முத்துக்குளிப்பு நின்ற பிறகு என்ன வேலைக்குப் போனீர்கள்? சிலர் சங்கு குளிக்கப் போன கதை வரும், சிலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கதை வரும். 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து உருவாக்கிக் காட்டியதை ஆசிரியர் அதோடு சேர்த்துச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் ஆசிரியர்தான். பிள்ளை எழுதியதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டும்போது அவர் இடைமறித்துத் திருத்துவார். அதுவும் வாசிப்புதான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கடற்கரைப் பிள்ளை என்பதற்காக மீனையும் படகையும் பற்றியே படிக்கக் கொடுப்பது தவறு. யானையும் பனிமலையும் ரயிலும் அவர்களுக்கும் உரியவை. ஊர் விஷயம், படித்ததை உரசிப் பார்க்க ஒரு கல்தானே தவிர, பாடத்திட்டத்தின் வேலி ஆகிவிடக் கூடாது.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டமே மூழ்கியது. அந்த ஆண்டு மழையைப் பற்றிய ஒரு கதை படித்த பிள்ளைக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆழிப்பேரலை, திரும்பாத வள்ளம், அப்பாவின் குடி எல்லாமே இந்தப் பக்கங்களில் வரக்கூடும். பிள்ளையின் சம்மதமில்லாமல் எந்தப் பக்கத்தையும் வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது, கம்பிப் பந்தலில் தொங்கவிடவும் கூடாது. “இதை மடித்து வை” என்று பிள்ளை சொன்னால் அந்தப் பக்கம் மடிந்தே இருக்கட்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் ஆசிரியர் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டும்.

இத்தனைக்கும் நேரம் ஏது? நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. நாளுக்கு ஆறு குறிப்பேடுகள் என்று எடுத்தால் வாரத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் பதில் போய்விடும். ஆறு பதில்கள், ஆளுக்கு இரண்டு வரி: மதிய உணவு வேளை முடிவதற்குள் முடிகிற வேலை. பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு தடவை, கால் மணி நேரம் படிப்பு, ஐந்து நிமிடம் எழுத்து. மதிப்பெண் வேண்டாம், நட்சத்திர முத்திரையும் வேண்டாம். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிற சிறு பள்ளிகளில் இது இன்னும் எளிது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்வதைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்.

பருவ முடிவில், குறிப்பேடுகளிலிருந்து பிள்ளைகளே தேர்ந்தெடுத்துத் தரும் பக்கங்களைக் கொண்டு வகுப்பு ஒரு நூல் செய்யலாம். நான்கு தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் தைத்தால் பதினாறு பக்கம். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலும் பதினாறு பக்கம்தான். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அதை உருவாக்கிய அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் தங்கிப் பணியாற்றியது தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள புன்னைக்காயலில், அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். இந்தக் கரைப் பிள்ளைகள் ஒரு சிறு நூலைத் தைத்து முடிக்கையில் சொல்ல வேண்டிய செய்தி இது.

செய்த நூலை யார் படிப்பது? இதே மாவட்டத்தின் மறுமுனை கரிசல் காடு. மணப்பாட்டுப் பள்ளியின் நூல் கோவில்பட்டிப் பள்ளிக்கும், அங்குள்ளது இங்கும் போகலாம். கொண்டலும் கச்சானும் எந்தத் திசைக் காற்று என்பது கடற்கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டிப் பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும். அங்கே இருப்பவர்கள் தீப்பெட்டி ஆபீஸையும் கரிசல் மண் வெடிப்பையும் இவர்களுக்கு விளக்கியாக வேண்டும். தெரியாத ஒருவருக்குத் தெரிந்ததைச் சொல்லும்போதுதான் எழுத்து கவனமாகிறது. இடைசெவல் கி. ராஜநாராயணன் தன் மண்ணின் சொற்களை அகராதியாக்கிய வட்டாரம் அது. ‘ஆதனின் பொம்மை’ நாவலுக்கு 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கரும் கோவில்பட்டிக்காரரே. பிள்ளைகளுக்கு முன்மாதிரி தேட வெளியூர் போக வேண்டாம்.

பள்ளிக்கு ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோருக்கும் ஓர் எளிய சோதனை உண்டு. எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது, கையெழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். ஒரே கதையைப் பற்றிப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகள் எழுதிய பக்கங்களைத் திறந்து அருகருகே வையுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அது நகல் நோட்டு. அந்தப் பள்ளி நேரத்தை வேறு வேலைக்குச் செலவிடலாம். இரண்டும் வேறு வேறாக இருந்து, அடியில் ஆசிரியரின் பதிலும் வேறு வேறாக இருந்தால், அங்கே வாசிப்பு நடக்கிறது.