விடை சொல்லாத தலைவி



"பழைய பெரிய புத்தகங்களெல்லாம் நமக்கெதற்கு? விளங்கப்படுத்த யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமே!" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குறை நம்மிடம் மட்டுமல்ல. பள்ளிக்கூடத்தில் இலக்கிய பாடத்தை ஆசிரியர் தந்த குறிப்பிலிருந்து மனனம் செய்தோம். பரீட்சை முடிந்ததும் மூடிய புத்தகத்தைப் பிறகு திறக்கவேயில்லை.

இந்தப் பயத்தைப் போக்க அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். சிக்காகோ பல்கலைக்கழகத்தை நடத்திவந்த ராபர்ட் ஹட்சின்ஸும், தத்துவ ஆசிரியரான மோட்டிமர் அட்லரும் 1947இல் 'மாபெரும் நூல்கள்' என்ற பெயரில் ஒரு நிறுவனத்தை அமைத்தார்கள். பொது நூலகங்களின் அறைகளில் சாதாரண மக்கள் மாலை வேளைகளில் கூடி, ஒரு நூலைப் பற்றிப் பேசினார்கள். பட்டமோ பரீட்சையோ கிடையாது.

அந்தக் கூட்டங்களின் ஒழுங்குகளைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நூலை வாசிக்காமல் வந்தவர் பேசக் கூடாது. "இன்ன அறிஞர் இப்படிச் சொல்லியிருக்கிறார்" என்று வெளியிலிருந்து சாட்சி கொண்டுவரக் கூடாது. சொல்வதற்கு ஆதாரம் அந்த நூலின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கூட்டத்தை நடத்துபவர் கேள்வி மட்டுமே கேட்கலாம். விடை சொல்ல அவருக்கு அனுமதியில்லை!

கேள்வியும் எப்படிப்பட்டதென்று பாருங்கள். சோபக்கிளிஸ் என்ற கிரேக்கர் எழுதிய 'அன்டிகனி' நாடகத்தில், அரசனின் தடையை மீறி அன்டிகனி தன் சகோதரனின் உடலை அடக்க முனைகிறாள். அவளுடைய சகோதரி இஸ்மீனி முதலில் பயந்து விலகுகிறாள். பிறகு, "குற்றத்தில் எனக்கும் பங்குண்டு" என்று தண்டனை ஏற்க முன்வருகிறாள். அன்டிகனியோ அவளைத் தள்ளிவிடுகிறாள். அரசன் யார் என்று கேட்டால் ஒரே விடைதான். அன்டிகனி ஏன் தள்ளினாள் என்று கேட்டால்? சகோதரியாவது பிழைக்கட்டும் என்ற பாசமா? செய்யாத செயலுக்கு அவள் பெயர் வாங்கக் கூடாதென்ற ரோஷமா? இரண்டுக்கும் நாடகத்திலேயே இடமிருக்கிறது. கூடப்பிறந்தவளோடு ஒரு தடவையாவது கோபித்துப் பேசாமலிருந்த எவளும் இதற்கு விடை சொல்லத் தகுதியுள்ளவள்தான். பேராசிரியர் தேவையில்லை.

அவர்களுடைய முறை நல்லது, பட்டியல் அப்படியல்ல. ஹட்சின்ஸும் அட்லரும் முன்னின்று 1952இல் 54 தொகுதிகளாக மேலைநாட்டு மாபெரும் நூல்கள் வெளிவந்தன. அதில் ஒரு பெண் எழுத்தாளர்கூட இல்லை. ஜேன் ஒஸ்டின் உள்ளிட்ட நால்வர் இடம்பெற 1990ஆம் ஆண்டுப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 38 வருடங்கள்! ஆகவே எதை வாசிப்பதென்று அவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. எப்படிப் பேசுவதென்று மட்டும் கற்றுக்கொள்வோம்.

நம்மிடம் 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' இருக்கிறது. அதன் பெயர் தெரியாதவர் குறைவு, வாசித்தவரும் குறைவு. ஊர் நூலகத்தில் ஒரு பிரதி இருந்தாலும் போதும், ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு எடுத்துப் படிக்கலாம். ஐந்தாறு பேர் முடித்ததும் ஒரு பின்னேரம் நூலகத்தின் மூலையில் அமருங்கள். முதலில் வாசித்து முடித்தவர் கேள்விகளை எழுதிவரட்டும், தனக்கே விடை நிச்சயமில்லாத கேள்விகளாக.

அதற்கு முன், அன்டிகனி ஏன் தள்ளினாள் என்று நினைக்கிறீர்கள்? எழுதுங்கள். நான் விடை சொல்லப் போவதில்லை.