வேலியில் போன ஓணான்

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்று கத்தியவனைப் பற்றி நம் ஊரில் ஒரு சொலவடை உண்டு. அவனுக்காவது ஓணான் சும்மா கிடைத்தது. நான் காசு கொடுத்தேன். அதற்கு முன்னால் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டு உரிமம் வாங்கினேன். கண்ணாடிப் பெட்டி, இரண்டு வகை விளக்கு, வெப்பமானி, கால்சியம் பொடி என்று ஒரு சீர்வரிசையே வந்து இறங்கியது. இத்தனைக்கும் பிறகு அது மடியில் வந்து உட்கார ஒன்றரை மாதம் ஆயிற்று.

மகளுக்குப் பதினொரு வயது. நாய் கேட்டாள், தினமும் யார் நடத்திக் கூட்டிப்போவது என்றேன். பூனை கேட்டாள், அம்மாவுக்குத் தும்மல் வரும் என்றேன். மூன்றாவதாக பியர்டட் டிராகன் கேட்டபோது என்னிடம் சாக்கு தீர்ந்திருந்தது. அது குரைக்காது, தும்மல் வராது, தெருவில் நடத்தவும் வேண்டாம். பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. டிராகன் என்பது ஓணானுக்கு ஆங்கிலத்தில் கிடைத்த பட்டம், அவ்வளவுதான். நம் வேலி ஓணானும் இதுவும் அகமிடே என்ற ஒரே குடும்பம். பயமோ கோபமோ வந்தால் தொண்டையை உப்பிக் கருப்பாக்கிக்கொள்ளும். முள் முள்ளாக விரிந்த அந்தத் தொண்டைதான் தாடி.

சிட்னியின் மேற்கில், எங்கள் வீட்டுப் பக்கம் வேலிக் கம்பத்தில் வெயில் காய்வது கிழக்குப் பகுதிக்குரிய தாடி ஓணான். வீடுகளில் பெரும்பாலும் வளர்ப்பது அதன் பங்காளி: கண்டத்தின் உள்நாட்டுச் செம்மண் காடுகளைச் சேர்ந்தது, 1926இல் அறிவியலின் பதிவேட்டில் ஏறியது, இப்போது போகோனா விட்டிசெப்ஸ் என்று பெயர். இந்த ஊர்ப் பிராணியாகவே இருந்தாலும் நியூ சவுத் வேல்ஸில் அதை வளர்க்க உரிமம் வேண்டும். காட்டில் பிடித்ததாக இருக்கக் கூடாது, வளர்ப்பில் பிறந்த குஞ்சாக இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இதே ஓணானை இங்கிலாந்தில் எந்த உரிமமும் இல்லாமல் வாங்கிவிடலாம். வியாபாரத்துக்காக ஒரு ஓணானைக்கூட வெளியே அனுப்ப ஆஸ்திரேலியா விடுவதில்லை. அப்படியானால் அங்கே இருக்கிற லட்சக்கணக்கான தாடிகளின் பாட்டன் பூட்டன்கள் எப்படிக் கடல் தாண்டின? பெரும்பாலும் யாருடைய பெட்டியிலாவது ஒளிந்துதான். நான் முறையாக விசா வாங்கி வந்தவன் என்பதால் இதைச் சொல்லும்போது ஒரு சின்னப் பெருமை வருகிறது, மன்னியுங்கள்.

வந்து சேர்ந்தது சுண்டுவிரல் கனத்தில், வாலோடு சேர்த்து ஒரு சாண் இருந்த குஞ்சு. அன்று இரவே தாராபுரம் பக்கத்து எங்கள் கிராமத்துக்கு வீடியோ அழைப்பு போயிற்று. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஏஞ்சாமி, இங்க இருக்கறப்பக் கல்லெடுத்து அடிச்சே. அங்க போயிக் காசு குடுத்து வாங்கியிருக்கறயாக்கு?”

மகள் இடையில் புகுந்தாள். “அப்பத்தா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?”

“கரட்டாண்டிதாங் கண்ணு. வேறென்ன?”

கரட்டாண்டி என்று வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, முன்பாதியை வெட்டி ஆண்டி என்று வைத்துவிட்டாள். பழனி பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரியான அம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம். மகளின் வகுப்புத் தோழிகளுக்கும் பெயர் சுலபமாக வாயில் நுழைந்தது. ஆண்டி என்று அவர்கள் வகுப்பிலேயே ஒரு பையன் இருக்கிறான். ஆணா பெண்ணா என்பது இந்த வயதில் தெரியாது. இந்த இனத்தில் முட்டை 32 டிகிரிக்கு மேல் சூட்டில் பொரிந்தால் ஆணாகப் பிறக்க வேண்டியது பெண்ணாக வரும். குயின்ஸ்லாந்துக் காட்டிலேயே அப்படி நடந்திருப்பதை 2015இல் கான்பெரா பல்கலைக்கழகத்தார் கண்டு எழுதினார்கள். பெண் என்று தெரியவந்தாலும் பிரச்சினை இல்லை. எழுத்தைக் கொஞ்சம் மாற்றினால் ஆன்டி.

குஞ்சைக் கொடுத்தவர் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: ஒரு வாரத்துக்குக் கை வைக்காதே. நான் இரண்டாம் நாளே வைத்தேன். மேல் மூடியைத் திறந்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் மேலிருந்து கையை இறக்கினேன். ஆண்டி கட்டைக்குப் பின்னால் பாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, கரிக்கட்டை நிறத்துக்குத் தாடியை ஊதிக்கொண்டு நின்றது. வயிற்றில் கருங்கோடுகள். அடுத்த இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஏன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இதற்கு உச்சந்தலையில் மூன்றாவது கண் ஒன்று உண்டு. கதை இல்லை, நிஜமான கண். ஒரு செதிலுக்கு அடியில் ஒளியை உணரும் சின்னப் புள்ளி. அதில் உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். மேலே இருந்து நிழல் விழுந்தால் அது பருந்து. சுண்டுவிரல் கனத்துப் பிராணி என் கை நல்ல கையா கெட்ட கையா என்று நின்று யோசித்தால் அதன் வம்சம் இத்தனை நாள் நிலைத்திருக்குமா? சிவனுடைய நெற்றிக்கண் எதிரியை எரிக்கும். ஆண்டியின் கண்ணுக்கு ஓடச் சொல்ல மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து பாடம் என் கைக்குத்தான். முதல் வாரம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பது மட்டும். மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள். பெரிதாக ஒன்று எதிரே வந்து உட்கார்கிறது, ஒன்றும் செய்யாமல் எழுந்து போகிறது என்று அதற்குப் புரிய வேண்டும். இரண்டாம் வாரம் முன்கதவைத் திறந்து, உள்ளங்கை மேலாக, தரையோடு தரையாகக் கையை வைத்துவிட்டுச் சும்மா இருப்பது. இந்தச் சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஐந்து நிமிடத்தில் கை மரத்துப்போகும், மூக்கு அரிக்கும், போன் அடிக்கும். விரல் ஒன்று அசைந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

மூன்றாம் வாரம் சோறு. குஞ்சுப் பருவத்தில் இவற்றுக்குப் பூச்சிதான் முக்கிய உணவு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பெரிதான பிறகுதான் கீரை, காய் பக்கம் திரும்பும். பூச்சியின் அளவு அதன் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தொண்டையில் சிக்கும், செரிக்காது. கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். அதோடு புற ஊதா விளக்கும் இல்லாவிட்டால் எலும்பு வளைந்து, தாடை மெத்தென்று ஆகிவிடும். வெயில் காயும் மூலையில் 40 டிகிரி, மறு மூலையில் 25. நடுவில் தனக்கு வேண்டிய சூட்டை அதுவே தேடிப் போய்க்கொள்ளும். இதெல்லாம் சரி. பூச்சிக்கு எங்கே போவது? பிராணிக் கடையில் ‘கிரிக்கெட்’ டப்பா விற்கிறார்கள். நம் சுவர்க்கோழிதான். புரட்டாசி மாதம், வீட்டில் முட்டைகூடக் கிடையாது, அலமாரியில் ஐம்பது உயிர். ஒரு ராத்திரி மூடி சரியாக அடைக்கவில்லை. மறுநாளிலிருந்து பத்து நாள் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒரே கச்சேரி. பிறகு மரக்கரப்பானுக்கு மாறிவிட்டோம். அது பாடாது என்பதே என் மனைவி அதற்குக் கொடுத்த ஒரே நற்சான்று.

இடுக்கியில் நீட்டிய கரப்பானை முதலில் எட்டிப் பார்த்தது. பிறகு நாக்கை நீட்டி ஒட்டி எடுத்தது. நாலைந்து நாளில் இடுக்கி போய் விரல் வந்தது. அப்புறம் கரப்பானை உள்ளங்கையின் நடுவில் வைத்தால் கைமேல் ஏறி வந்து சாப்பிட்டது. பசி தீர்த்து வைத்த பழக்கம் இது, வேறொன்றும் இல்லை. நெஞ்சில் ஏறிப் படுத்துக்கொள்வதை அன்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. மனித உடம்பு கதகதப்பாக இருக்கிறது, கொஞ்சம் உயரமாகவும் இருக்கிறது. ஓணானுக்குப் பாறை வேறு, ஆள் வேறா? நம்மைக் கண்டால் அதற்கு உயிர் போகிற பயம் இல்லை என்பதே பெரிய விஷயம்.

தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முன்னாலிருந்து, அதன் கண் பார்க்க, கையைத் தாழ்வாகக் கொண்டுபோய் நெஞ்சுக்கடியில் கொடுக்க வேண்டும். நாலு காலுக்கும் வாலுக்கும் பிடிமானம் வேண்டும். பல்லிக்கு வால் போனால் வளரும். இதற்குப் போனது போனதுதான், அதனால் வாலைப் பிடிப்பது பாவம். சாப்பிட்ட உடனே தூக்கக் கூடாது. குஞ்சுகள் சட்டென்று குதிக்கும், ஆகவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் எடுக்க வேண்டும். முதலில் ஐந்து நிமிடம் போதும். தூக்கும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். இவை சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும், கைக்குழந்தை இருக்கிற வீட்டில் விளையாட்டு வேண்டாம்.

சம்மணம் போடாமல் நின்றுகொண்டே எடுத்தவன் நான். தோளிலிருந்து குதித்து அடுப்படிக்குள் ஓடிவிட்டது. ஒரு மணி நேரம் தேடினோம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில், தரையின் குளிரில், கருத்துப்போய், காலை எடுத்து வைக்கத் தெம்பில்லாமல் கிடந்தது. விளக்கடியில் விட்ட பிறகு மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. மகள் அன்று என்னோடு பேசவில்லை.

இணையத்தில் சிலர் இந்தப் பிராணியை மல்லாத்திப் படுக்கவைத்து வயிற்றைத் தடவி, ‘பாருங்கள், தூங்கிவிட்டது’ என்று படம் போடுகிறார்கள். இவற்றுக்கு நமக்கிருப்பதுபோல் உதரவிதானம் கிடையாது. மல்லாந்தால் குடலின் பாரம் நுரையீரல்மேல் விழுந்து மூச்சுத் திணறும். அசையாமல் கிடப்பது தூக்கமில்லை. இதை மகளுக்கு விளக்கும்போது எனக்குக் குரல் சரியாக வரவில்லை, ஏனென்றால் அந்த வித்தை எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

எங்கள் ஊரில் விடுமுறை என்றால் கரட்டாண்டி வேட்டைதான். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போட்டு வேலியோரம் பதுங்கிப் போவோம். கழுத்தில் மாட்டியதும் ஒரு சுண்டு. அது தலையை ஆட்டினால் நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று தொப்புளைப் பொத்திக்கொள்வோம். ராமர் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். ஆகவே அடிப்பது புண்ணியம். அடிப்பதோடு நிற்கவில்லை. தாத்தாவின் டப்பியிலிருந்து மூக்குப்பொடியைத் திருடி அதன் வாய்க்குள் போட்டு, அது சுழன்று சுழன்று ஆடுவதைப் பார்த்துக் கை தட்டுவோம். எல்லாம் முடிந்தபின் மல்லாத்தி வயிற்றைத் தடவிக் கொடுப்போம். ஈர்க்கைப் பிடித்த விரலும் இப்போது கரப்பானை நீட்டுகிற விரலும் ஒன்றுதான்.

இதை மகளிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பில், ஆண்டி என் முழங்கையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “உங்கொப்பன் மூக்குப்பொடி போட்டு ஆட வெச்சவனாச்சே கண்ணு!” என்று சிரித்தார்.

“மூக்குப்பொடின்னா என்னப்பா?”

“இந்தக் கால்சியம் பொடி மாதிரி ஒண்ணு,” என்றேன். அம்மா திரையில் என்னையே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2016இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தார் இந்தத் தாடி ஓணான்களின் தூக்கத்தை அளந்தார்கள். கனவோடு நாம் சேர்த்துப் பேசுகிற விழியசைவுத் தூக்கம் இவற்றுக்கும் உண்டு; சுமார் 80 விநாடிக்கு ஒரு சுற்று, இரவு முழுக்க வந்துகொண்டே இருக்கிறதாம். இதைப் படித்த நாளிலிருந்து ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் பெட்டிப் பக்கம் ஒரு பார்வை போகிறது.

வந்த புதிதில் ஆண்டியிடம் மகளுக்கு மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. அவள் பெட்டியருகே போனால் ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாகச் சுழற்றும். அசல் கை காட்டுவது போலவே இருக்கும். “ஹாய் சொல்லுது!” என்று தோழிகளையெல்லாம் கூட்டி வந்து காட்டுவாள். பெரிய ஓணானுக்கு முன்னால் சின்ன ஓணான் அப்படிச் செய்யும்: நான் உனக்குச் சமமில்லை, சண்டைக்கு வரவில்லை, என்னை விட்டுவிடு. நான் அதைப் படித்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவள் பையை எறிந்துவிட்டுப் பெட்டியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, ஆண்டி இப்பல்லாம் எனக்கு ஹாய் சொல்றதே இல்ல. என்மேல கோபமா?”

“கோபமெல்லாம் இல்ல. நீ கையைக் கொண்டுபோ.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து, தரையோடு தரையாக உள்ளே நீட்டினாள். ஆண்டி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. கட்டையிலிருந்து இறங்கி வந்து, அவள் விரல்மேல் ஒரு காலை வைத்து, கரப்பான் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் திரும்பிப் போகாமல் அங்கேயே படுத்துக்கொண்டது.