நிற்கும் கால்களுக்கு நீதி எங்கே?

திருக்குறளின் முதல் அதிகாரத்தில் உள்ள பத்துக் குறட்பாக்களுள் ஏழில் இறைவனின் அடியோ தாளோ பேசப்படுகிறது. அண்ணனின் பாதுகையை அரியணையில் ஏற்றி ஆட்சி நடத்தினான் பரதன் என்பது நம் காவியம் சொல்லும் கதை. பெரியோரின் பாதம் தொட்டு வணங்குவதைப் பண்பாடு என்கிறோம். பாதத்திற்கு இத்துணைச் சிறப்பளித்த நாம், உழைப்பவரின் பாதத்திற்கு அளித்திருப்பது என்ன? தேய்ந்துபோன ஒரு சோடிச் சிலிப்பரும், "வயதானால் கால் வலிக்கத்தான் செய்யும்" என்ற ஓர் ஆறுதல் மொழியும்தாம்!

நம் நாட்டின் பேரங்காடிகளுக்குச் சென்று பாருங்கள். பணம் வாங்கும் பெண், துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண், வாயிலில் நிற்கும் பாதுகாவலர், உணவகத்தில் தட்டேந்தி நடப்பவர் ஆகிய அனைவரும் காலை முதல் இரவு வரை நின்றே பிழைப்பவர்கள். தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்பவர்களும், மருத்துவமனையில் ஓயாது நடக்கும் தாதியரும், கரும்பலகை முன் நின்றே தம் வாழ்நாளைக் கழிக்கும் ஆசிரியர்களும் இவ்வகையினரே. இவர்களுள் எத்தனை பேர் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது முதலடியை வைக்க அஞ்சுகிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அந்த முதலடி வலிக்கு மக்கள் வைத்த பெயர் குதிகால் வாதம். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை உள்ளங்காலில் ஓர் உறுதியான நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லை நாண் தாங்குவதுபோல் உள்ளங்கால் வளைவை அது தாங்கி நிற்கிறது. கடினமான தரையில் நெடுநேரம் நிற்பதாலும், உடற்பருமனாலும், கெண்டைத்தசை இறுகிப் போவதாலும் அந்தப் பட்டை குதிகாலைப் பற்றியிருக்கும் இடத்தில் நலிவடைகிறது. இரவு ஓய்ந்திருந்த பட்டை காலையில் திடீரென இழுபடும்போது ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது. சற்று நடந்தால் தணிவதும், நாள் முழுதும் நின்றால் மாலையில் மீண்டும் மூள்வதும் இதன் இயல்பு. இதில் ஊழ்வினைக்கு இடமேது? காரணங்கள் கண்முன்னே கிடக்க, முதுமையின்மேல் பழிபோட்டுத் தப்பித்துக்கொள்வது நேர்மையாகுமா? முப்பது வயதுப் பெண்ணும் இவ்வலியால் துடிக்கிறாளே, அவளும் முதியவளா?

"காலணியெல்லாம் குளிர்நாட்டாருக்கு. பனியில் நடப்பவன் கம்பளிச் சப்பாத்து அணியட்டும். வெயில் நாட்டில் வாழும் நமக்கு ஏன் அந்த ஆடம்பரம்?" என்று வாதிடுவோரும் நம்மிடையே உண்டு. காலணியின் பணி குளிரைத் தடுப்பது ஒன்றே என எண்ணுவோரின் வாதம் இது. பனித்தரையைவிடச் சிமெந்துத் தரை மென்மையானதா? நம் முன்னோர் மண்ணில் நடந்தார்கள். மண் சற்றே விட்டுக்கொடுத்தது. நாமோ சலவைக்கல்லின்மீதும் தரையோட்டின்மீதும் நிற்கிறோம். தரை மாறிய பின்னும் கால் மட்டும் பழையபடியே வெறுமையாய் நிற்கவேண்டும் என்பது எவ்வகை நியாயம்?

இனி, முதலாளிமாரிடம் சில சொற்கள். வாடிக்கையாளர் முன் பணியாளர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்கிறீர்கள். பெண்கள் குதியுயர்ந்த, முனை கூர்ந்த சப்பாத்து அணிந்தால்தான் கடைக்கு அழகு என்கிறீர்கள். அக்கூர்முனைக்குள் ஐந்து விரல்களும் நெருக்குண்டு, உடலின் எடை முழுவதும் முன்பாதத்தின்மேல் சரிவதை நீங்கள் அறியமாட்டீர்களா? நாற்காலியில் அமர்ந்துகொண்டு, நிற்பவருக்கு அழகு கற்பிக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அண்டை நாடான பிலிப்பீன்சு 2017ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை கண்டது. பணியிடத்தில் பெண்கள்மீது உயர்குதிச் சப்பாத்தைத் திணிக்கலாகாது. நின்று வேலை செய்வோருக்கு இடையிடையே அமரும் வாய்ப்பும் இருக்கையும் வேண்டும் என அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஆணையிட்டது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்குவதைச் சட்டமாக்கின. நம் நாட்டிலோ தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இல் பிறந்தது. 2022இல் திருத்தப்பெற்று, 2024 சூன் முதல் நாளிலிருந்து பெரும்பாலும் எல்லாப் பணியிடங்களையும் தன் குடைக்கீழ்க் கொண்டுவந்தது. இச்சட்டப்படி பாதுகாப்புக்கென வழங்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பெறுதல் கூடாது. நின்று செய்யும் வேலையைப் பற்றியே 2002இல் ஒரு வழிகாட்டி நூலும் அரசுத் துறையால் வெளியிடப்பட்டது. ஆனால் வழிகாட்டி கட்டளை ஆகாது. ஏட்டில் உள்ள அறிவுரை கடையில் நாற்காலியாக மாறுவது எப்போது?

முதலாளியை மட்டும் குறை கூறி நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மையே. வலியால் வாடுவோரைச் சுரண்டும் வேறொரு கூட்டமும் உண்டு. காந்தம் பதித்த உள்ளட்டையைச் சப்பாத்துக்குள் வைத்தால் இரத்த ஓட்டம் பெருகி வலி பறந்தோடும் எனக் கூறி, நேரடி விற்பனையில் ஈடுபட்டோர் வீடுவீடாக வருகின்றனர். உறவினராய் வருவதால் மறுக்கவும் நாம் கூசுகிறோம். குதிகால் வலியுள்ள 101 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான சோதனையில், காந்த அட்டை அணிந்தவருக்கும் காந்தமற்ற போலி அட்டை அணிந்தவருக்கும் இடையே வேறுபாடு ஏதும் காணப்படவில்லை. பிறகு எதற்கு அந்த விலை?

ஒவ்வொருவரின் பாதத்தையும் அச்செடுத்துச் செய்யும் விலையுயர்ந்த அட்டையே தேவை என்பாரும் உளர். ஆஸ்திரேலியாவில் 135 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இதற்கும் விடை பகர்கிறது. அச்செடுத்துச் செய்த அட்டையும் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டையும் முதல் சில மாதங்களில் சிறிது துணைபுரிந்தன. ஓராண்டின் முடிவில் அவற்றுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஏழைத் தொழிலாளி தன் மாதச் சம்பளத்தை அச்சுக்குக் கொட்ட வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். குதிகால் வாதம் உற்றவருள் பெரும்பாலோர்க்கு ஓராண்டளவில் வலி தணிகிறது. கெண்டைத்தசையையும் உள்ளங்காலையும் நாள்தோறும் இழுத்து நீட்டும் பயிற்சிக்குக் காசு வேண்டா. ஆனால் காலையில் பயிற்சி செய்துவிட்டுப் பகலெல்லாம் தட்டைச் சிலிப்பரில் நின்றால், ஒரு கையால் கட்டியதை மறு கையால் இடிப்பதாகும்.

இரப்பரைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலேசியா நெடுங்காலம் உலக இரப்பர் உற்பத்தியில் முதலிடம் வகித்தது. விடியுமுன் நிரையேறிப் பால்மரம் சீவியவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர். உலகத்தின் கால்களுக்கு மெத்தை தந்தவர்களுள் எத்தனை பேர் வெறுங்காலுடன் மடிந்தனர்! அதே இரப்பரைக் கொண்டு வேலூரில் ஓர் அரும்பணி நடந்தது. 1914இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே பணியாற்றினார். உணர்ச்சியற்ற பாதம் அழுத்தத்தை அறியாததால்தான் புண்ணாகிறது என்பதை அவர் உணர்ந்து உலகிற்கு உணர்த்தினார். நுண்ணறைகள் கொண்ட மென்மையான இரப்பரால் எளிய செருப்புகள் அங்குச் செய்யப்பட்டன. வலியைப் பகையாகக் கருதாமல், உடலைக் காக்கும் காவலன் எனக் கொண்டவர் அவர். அக்காவலன் நாள்தோறும் கூவியும் நாம் அவன் வாயில் மாத்திரையைத் திணித்து அடக்குகிறோம். நீரிழிவு நோயுற்றவர்க்கோ அக்காவலனே இல்லாமற் போகக்கூடும். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர். இந்திய வம்சாவளியினரிடையே அது மேலும் மிகுதி. நமக்குக் காலணி ஆடம்பரமா, கவசமா?

நல்ல காலணியை இனங்காண்பது அரிதன்று. குதிகாலைச் சூழும் பின்புறம் அழுத்தினாலும் மடங்காத உறுதியுடன் இருக்கவேண்டும். வளைத்தால் விரல்கள் மடியும் இடத்தில் வளையவேண்டும். நடுவில் மடிந்தாலோ துணிபோல் முறுக்கிக்கொண்டாலோ அதனைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். குதிப்பகுதி சற்றே உயர்ந்து, அடித்தட்டு தடித்து, உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கல் இருக்கட்டும். கயிறோ வாரோ கொண்டு இறுக்கும் வகையே நன்று. கால் சற்று வீங்கியிருக்கும் மாலைப்பொழுதில் சென்று, நின்றபடி அணிந்து பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரலின் அகலம் இடம் இருக்கவேண்டும்.

வீட்டினுள் செருப்பணிவது மரபன்று என்பர். உண்மை; தெருச்செருப்பை உள்ளே கொண்டுவரச் சொல்லவில்லை. வீட்டுக்கென்றே தூய்மையான ஒரு சோடி தனியே இருந்தால் எந்த மரபு கெடும்? அடுப்படித் தரையில் மணிக்கணக்காக நிற்கும் அன்னையின் குதிகாலைவிட அத்தரை புனிதமானதா?

நம் சங்கங்கள் மாலை அணிவிப்பதற்கும் பொன்னாடை போர்த்துவதற்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைத் தாங்கல் உள்ள காலணிக்குச் செலவிடட்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுடன் நாற்காலிப் பேச்சையும் மேசைமேல் வைக்கட்டும். வழிகாட்டியாய் உறங்குவதை அரசு சட்டமாக்கட்டும். வாடிக்கையாளராகிய நாமும், அமர்ந்தபடி பணம் வாங்கும் பெண்ணைக் கண்டு முகஞ்சுளியாதிருப்போம்.

நாட்டைத் தாங்கும் உழைப்பாளியை அவன் பாதம் தாங்குகிறது. அந்தப் பாதத்தைத் தாங்க நாம் முன்வர வேண்டாவா?