பணம் இனிக்கிறது, வாக்குக் கசக்கிறதா?

2024 ஆம் ஆண்டிலே வெளிநாடுகளில் உழைக்கும் எம் நாட்டவர் இலங்கைக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். டொலர் இன்றி 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாடு அப்பணத்தின் அருமையை அறியாததன்று. ஆயினும், அதே 2024 இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலிலும் பொதுத் தேர்தலிலும், இருந்த நாட்டிலிருந்தே வாக்களிக்க அவர்களுக்கு வழியிருக்கவில்லை. இடாப்பிலே பெயர் இருந்தும், விமானமேறி ஊர் வந்தவர்க்கே வாக்கு! குவைத்திலே பிறர் வீட்டு அடுப்படியில் வேகும் பெண்ணுக்கு விமானச் சீட்டு யார் கொடுப்பார்? எசமான்தான் விடுமுறை கொடுப்பானா?

முடியாத காரியம் என்போர் உளர். பிலிப்பைன்ஸ் 2003 இல் சட்டமியற்றி, 2004 தேர்தலிலேயே வெளிநாட்டிலிருந்த தன் மக்களை வாக்களிக்கச் செய்தது. ஆகவே, அதே குவைத்தில் அடுத்த வீட்டிலே வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் வாக்களிக்கலாம். எம்மவள் பார்த்திருக்க வேண்டும்!

கள்ள வாக்கு விழுமாம். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க ஆளை அடையாளம் காணும் தூதரகத்துக்கு, வாக்குச்சீட்டைக் கொடுக்கும்போது மட்டும் கண் மங்குமோ? உள்ளூரில் அரசாங்க ஊழியரின் தபால் வாக்கை நம்புகின்றவர்கள் இதற்கு விடை கூறட்டும். அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னரே தேர்தற் சட்டங்களைத் திருத்துமாறு பாராளுமன்றத்தை நாம் கேட்கின்றோம்.