பேட்டரி மேல பழி போடாதீங்க பாஸ்!

போன வாரம் செயினுக்கு எண்ணெய் விடுறதைப் பத்திப் பேசினோம். "செயின் கிடக்கட்டும், காலையில வண்டியே ஸ்டார்ட் ஆகலையே, அதுக்கு வழி சொல்லுங்க"ன்னு உங்கள்ல பாதிப் பேர் முணுமுணுக்கிறது காதுல விழுது. சொல்றேன். ஆனா, அதுக்கு முன்னாடி நான் ஏமாந்த கதையைக் கேளுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை. செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வண்டியை நிறுத்திட்டு கடல், காத்து, வறுத்த மீன்னு ஜாலியா சுத்தினோம். இருட்டினதும் திரும்பி வந்து பட்டனை அமுக்கினா, 'டக்'. மறுபடி அமுக்கினா மறுபடியும் 'டக்'. பின்னாடி உட்கார வேண்டிய நண்பன் ஒண்ணும் பேசாம வண்டியைத் தள்ள ஆரம்பிச்சான். நட்புன்னா அதுதான்!

மறுநாள் மெஸ் ஃபீஸுக்கு வெச்சிருந்த காசை எடுத்துப் புது பேட்டரி போட்டேன். மூணு வாரம் சூப்பர். நாலாவது வாரம், அதே 'டக்'. அப்புறம்தான் ஒரு மல்டிமீட்டரை வெச்சு நானே உட்கார்ந்து பார்த்தேன். ரெக்டிஃபையர் கனெக்டரைக் கழட்டினா உள்ளே பச்சைப் பச்சையா பூத்துக் கிடக்கு. புது பேட்டரிக்குச் சரியா சார்ஜே ஏறலை. அதைச் சரி பண்ண எனக்கு ஆன செலவு, ஒரு துண்டு எமரி ஷீட்டும் அரை மணி நேரமும். மெஸ் காசு போனது போனதுதான்.

அதனால, வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல பர்ஸைத் திறக்காதீங்க. காதைத் திறங்க.

பட்டனை அமுக்கினா சத்தமே இல்லையா? ஃபியூஸ், கில் ஸ்விட்ச், நியூட்ரல், கிளட்ச், சைடு ஸ்டாண்டு எல்லாத்தையும் பாருங்க. (கில் ஸ்விட்சை ஆஃப்ல வெச்சுட்டு வண்டியைத் தள்ளினவங்க பட்டியல்ல நானும் உண்டு.) 'கட கட கட'ன்னு தொடர்ந்து அடிச்சுக்குதா? அநேகமா பேட்டரி வீக், இல்லைன்னா டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' மட்டுமா? ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார், கேபிள் மூணும் சந்தேக லிஸ்ட்ல. மோட்டார் நல்லா சுத்துது, இன்ஜின்தான் பிடிக்கலையா? அது பிளக், பெட்ரோல் சமாசாரம். அதை வேற ஒரு நாள் பேசுவோம்.

காது வேலை முடிஞ்சுதா? இப்போ மீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். ரெண்டு பேர் சினிமா போய் பிரியாணி சாப்பிடுற காசுக்குள்ள முடிஞ்சிடும். ஹாஸ்டல் ஃப்ளோருக்கே ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம். வண்டியை வெட்டவெளியில, நியூட்ரல்ல, நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க. மூடின இடத்துல இன்ஜின் ஓடினா புகை ஆளையே சாய்ச்சிடும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டுல வைங்க. சிவப்பு முனை பிளஸ்ல, கறுப்பு முனை மைனஸ்ல. மூணே மூணு ரீடிங்.

ஒண்ணு, வண்டி தூங்கும்போது. ராத்திரி முழுக்க நிறுத்தின வண்டியில 12.6 வோல்ட் பக்கம் காட்டினா பேட்டரி ஃபுல். உள்ளே ஆறு அறை, ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட். கூட்டிப் பாருங்க, கணக்கு சரியா வரும். 12.2-ன்னா பாதி வயிறு. 12-க்குக் கீழேன்னா பட்டினி.

ரெண்டு, பட்டனை அமுக்கும்போது. 10-க்கு மேல நின்னா நல்லது. சார்ஜ் ஃபுல்லா இருந்தும் 9-க்குக் கீழே சடார்னு விழுந்தா பேட்டரிக்கு வயசாச்சு, இல்லைன்னா மோட்டார் இறுகி நிறைய கரன்ட்டை உறிஞ்சுது. அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிக்காதீங்க, மோட்டார் சூடாயிடும். முக்கியமா, மீட்டரை ஆம்பியர்ல வெச்சு ஸ்டார்ட்டரை அமுக்கிடாதீங்க. மீட்டர் காலி!

மூணு, இன்ஜின் ஓடும்போது. லேசா முறுக்கிப் பிடிங்க. நிறைய வண்டிகள்ல 13.5-க்கும் 14.8-க்கும் நடுவுல நிக்கணும். முறுக்கியும் 12 சொச்சத்துலயே கிடந்தா சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போயிடுச்சு. பேட்டரி கொதிக்கும், பல்பு ஃபியூஸாகும். வண்டியை ஓட்டாதீங்க.

சார்ஜ் ஏறலைன்னா இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, மேக்னெட் காயில்ல இருந்து வர்ற கனெக்டரைக் கழட்டுங்க. நிறைய வண்டிகள்ல மூணு மஞ்சள் வயர் இருக்கும். மீட்டரை ஓம்ல வெச்சு ரெண்டு ரெண்டா தொட்டா மூணு ஜோடியும் ஒரே மாதிரி, ரொம்பக் கம்மியா காட்டணும். எந்த வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தா காயில் எரிஞ்சிருக்கு. காயில் ஓகேன்னா ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரையும், அதுக்குப் போற வயரிங்கையும் பாருங்க.

இப்போ நம்ம ஏரியாவோட ஸ்பெஷல் வில்லன், உப்புக்காத்து. கோவளத்துல இருந்து கல்பாக்கம் வரைக்கும் கடலோரம் ஓடுற வண்டிகளுக்கு இது தினசரித் தொல்லை. 8-ம் நூற்றாண்டுல பல்லவ ராஜசிம்மன் கட்டின கடற்கரைக் கோயில் கருங்கல்லையே உப்பு அரிக்குது. காகிதக் கூழ் பூசி அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிறாங்க தொல்லியல் துறைக்காரங்க. கல்லுக்கே அந்தக் கதின்னா, உங்க வண்டியோட செம்புக் கம்பி எம்மாத்திரம்?

வைத்தியம் ஈஸி. பேட்டரியைக் கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசியில. டெர்மினல் மேல பூத்த பொடியை ஆப்ப சோடா கலந்த வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் வெச்சுத் தேய்ச்சு, காய வெச்சு, இறுக்கி, மேல வாஸலின் தடவுங்க. எர்த் வயர் இன்ஜின்ல சேர்ற போல்ட்டைக் கழட்டிச் சுரண்டி மாட்டுங்க. யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது, பாதி 'டக்' அங்கேதான் பிறக்குது.

இன்னொண்ணு. 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல இன்ஜின் ஓடினாலே முன்விளக்கு எரியும். ஹாஸ்டல்ல இருந்து கிளாஸ், கிளாஸ்ல இருந்து டீக்கடைன்னு ரெண்டு நிமிஷ ட்ரிப்பா அடிச்சா, ஸ்டார்ட்டர் குடிச்ச கரன்ட் திரும்பி ஏறவே நேரம் இருக்காது. வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டுங்க. 2020-ல பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள்தான். பேட்டரி சுத்தமா செத்துட்டா பெட்ரோல் பம்ப்பே வேலை செய்யாது, தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை.

மழைத் தண்ணியில முழுகின வண்டிக்கு மட்டும் இந்த வைத்தியம் எதுவும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் முழுகின வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணினவங்களுக்கு இன்ஜின் வேலையே வந்துது. பட்டனைத் தொடாம, பேட்டரி வயரைக் கழட்டிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

காயில் கட்டுறது, மோட்டார் பிரஷ் மாத்துறது எல்லாம் மெக்கானிக் அண்ணன் வேலை. ஆனா, "அண்ணே, வண்டி ஓடலை"ன்னு போய் நிக்கிறதுக்கும், "அண்ணே, ஓடும்போது 12.3 தான் காட்டுது, காயில் பார்த்துட்டேன், ஓகே"ன்னு போய் நிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு பாஸ். ரெண்டாவது ஆள்கிட்ட யாரும் சும்மா ஒரு பேட்டரியை வித்துட முடியாது.

இந்த ஞாயித்துக்கிழமை அந்த மூணு நம்பரையும் எடுத்து, ஆர்.சி. புக் ஜெராக்ஸ் பின்னாடி தேதியோட எழுதி வைங்க. உங்க மெஸ் காசு தப்பிக்கட்டும்.

அடுத்த வாரம், பிரேக்!