போனவர் திரும்பி வர வழி வேண்டும்

நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கம் வயதானவர் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால், நலம் விசாரிக்க வருகிறவர்கள் இன்னொன்றையும் விசாரிக்கிறார்கள்: “அமெரிக்காவுல இருக்கற பையனுக்கு ஸ்டாம்பிங் இருக்குதுங்களா? வந்தா திரும்பிப் போக உடுவாங்களா?” கோழிப்பண்ணை வருமானத்திலும் லாரித் தொழிலிலும் பிள்ளைகளைப் பொறியியல் படிக்கவைத்த வட்டாரம் இது. கொல்லிமலை அடிவாரத்திலும் விசா விதிகள் வீட்டுப் பேச்சாகிவிட்டன.

எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் போன ஊழியர் அமெரிக்காவில் தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி வேறு, ‘ஸ்டாம்பிங்’ என்று பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா வேறு. அனுமதியை அங்கிருந்தபடியே நீட்டித்துக்கொள்ளலாம். விசா என்பது உள்ளே நுழைவதற்கு மட்டும். அது காலாவதியானாலும் அங்கேயே இருக்கும்வரை சிக்கலில்லை. ஊருக்கு வந்தால்தான் புதிதாக வாங்க வேண்டும். பல வருடம் வரி கட்டி, வீட்டுக் கடன் கட்டி வாழ்கிறவரும் அப்பாவின் காரியத்துக்கு வந்துவிட்டால், சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரக வாசலில் சம்பளச் சீட்டும் அனுமதிக் கடிதமுமாகப் புதிய விண்ணப்பதாரரைப் போல நிற்க வேண்டும்.

2025இல் இந்தச் சிக்கல் முற்றியது. செப்டம்பர் 2 முதல் நேர்காணல் விலக்கு பெரும்பாலானோருக்கு இல்லாமல் போனது. சொந்த நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற அறிவிப்பும் அதே மாதம் வந்தது. செப்டம்பர் 19 அன்று எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற ஆணை வெளியானதும், வெளிநாடு போயிருந்த ஊழியர்களை 21ஆம் தேதிக்குள் திரும்பிவரச் சொல்லி நிறுவனங்கள் அவசரமாகச் செய்தி அனுப்பின. ஏற்கெனவே விசா வைத்திருப்போருக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் ஆராயத் தொடங்கினார்கள். இந்தியாவில் அந்த மாதத்துக்குத் தரப்பட்டிருந்த நேர்காணல்கள் பல 2026க்குத் தள்ளிப்போயின. விடுமுறைக்கு வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கே காத்திருந்தன.

யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், குடியிருப்பைக் கைவிட்டுப் போவதும் சில நாள் ஊருக்குப் போய்வருவதும் ஒன்றல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியிருப்பு விசா ரத்தாகிவிடும். கடுமையான விதிதான். ஆனாலும் விமானம் ஏறும்முன்பே தெரிந்த விதி. ஒருவர் புறப்பட்ட பிறகு விதியை மாற்றி, அதை அவர்மீதே சுமத்துவதுதான் அநியாயம். சோதிக்க வேண்டுமென்றால் அங்கேயே வைத்துச் சோதிக்கலாம். 2024 தொடக்கத்தில் 20,000 எச்-1பி விசாக்கள்வரை உள்நாட்டிலேயே புதுப்பிக்க அமெரிக்கா சோதனைத் திட்டம் நடத்தியதே!

இந்தத் தவறை நாமும் செய்திருக்கிறோம். மும்பைத் தாக்குதலுக்கு உளவு பார்த்த டேவிட் ஹெட்லி 2009இல் கைதான பிறகு, சுற்றுலா விசாவில் வந்து வெளியேறும் வெளிநாட்டவர் இரண்டு மாத இடைவெளி விட்டே திரும்பலாம் என்று இந்தியா விதித்தது. திருவண்ணாமலையில் மாதக்கணக்கில் தங்கியிருந்து, சில நாள் கொழும்பு போய்வர நினைத்தவரும் தனி அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. பயங்கரவாதிக்குப் போட்ட பூட்டு ரமணாசிரமத்துக்கு வந்தவர்களையும் வெளியே நிறுத்தியது. 2012 இறுதியில் சில நாட்டவரைத் தவிர மற்றவர்களுக்கு அந்த விதியை அரசே விலக்கிக்கொண்டது.

திருத்த வேண்டியது இன்னும் இருக்கிறது. 1983 முதல் அடைக்கலம் தேடி வந்த இலங்கைத் தமிழர்களுக்கான மறுவாழ்வு முகாம்கள் நாமக்கல் மாவட்டத்திலும் உண்டு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா கட்டாயத்திலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், மன்னாரில் சாகக் கிடக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறவர் இங்கிருக்கும் மனைவி மக்களிடம் திரும்பி வருவதற்கு உறுதி வேண்டாமா?

கேட்பது மூன்றுதான். புறப்பட்ட நாளில் இருந்த விதியே திரும்பும் நாளிலும் செல்ல வேண்டும். சாவு, நோய் என்று வருகிறவர்களின் விண்ணப்பத்தைக் குறித்த நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். நீண்டகாலம் தங்கியிருப்பவர்களுக்குப் புறப்படும் முன்பே, தங்கியிருக்கும் நாட்டிலேயே மறுநுழைவு அனுமதி கிடைக்க வேண்டும். இவற்றை டெல்லி அமெரிக்காவிடம் வலியுறுத்தட்டும். நம் முகாம்களில் இருப்பவர்களுக்கு அதே உரிமையை முதலில் கொடுத்துவிட்டுக் கேட்டால், அந்தக் கோரிக்கைக்கு எடை கூடும்.