பள்ளிக்கூடத்துக்கு நாம் கொடுக்க வேண்டியது பணம் மட்டுமா?

பள்ளிவாசல் ஹவுலைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவிப்புச் செய்தால் போதும். அடுத்த வாரத்துக்குள் பணம் சேர்ந்துவிடும். நம் மஹல்லாக்களின் தாராள மனத்துக்கு இது சான்று. அதே மஹல்லாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் என்றால் நிலைமை வேறு. சுற்றறிக்கை போகிறது, பிள்ளைகளின் நாட்குறிப்பில் எழுதி அனுப்பப்படுகிறது, வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் வருகிறது. அறுநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐம்பது நாற்காலிகள் நிரம்புவது அரிதாக இருக்கிறது.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. அது நியாயமான பதில் அன்று. பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைக்கும் தாயும், வளைகுடாவில் பத்து ஆண்டுகளைத் தனிமையில் கழிக்கும் தந்தையும் அக்கறையற்றவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. கூட்டத்துக்கு வந்தால் தமக்கும் தம் பிள்ளைக்கும் ஏதேனும் பயன் உண்டு என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. அந்த நம்பிக்கையைக் குலைத்தவை நம் கூட்டங்கள் நடக்கும் முறைகளே.

சட்டம் கொடுத்த இடம்

பெற்றோர் ஆசிரியர் கழகம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் புதிதன்று. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த காலங்களில் கழகத்தின் நிதியிலிருந்து ஊதியம் கொடுத்து, தற்காலிக ஆசிரியர்களை அமர்த்திப் பாடம் நடத்திய பள்ளிகள் பல உண்டு. அதற்கும் முன்பே, 1950களின் இறுதியில், காமராசர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னெடுத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் கரும்பலகையும் மேசையும் நிலமும் தந்து தம் பள்ளிகளை உயர்த்தினார்கள்.

ஆனால் அந்த மரபில் பெற்றோரின் பங்கு பெரும்பாலும் கொடுப்பதோடு முடிந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009 அதை மாற்றியது. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது, அரசு தரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை அதன் பணிகள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் இக்குழுக்கள் 20 உறுப்பினர்களுடன் மறுகட்டமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் இடம் கிடைத்தது.

ஆகவே, அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் ஒரு தாய் கூட்டத்துக்கு வருவது தலைமையாசிரியரின் தயவால் அன்று. அது அவருடைய உரிமை. இதை நம் மஹல்லாக்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

இரண்டு நோய்கள்

நம் பகுதிப் பள்ளிகளின் கழகக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டு காட்சிகள் பழக்கமானவை.

ஒன்று, கூட்டம் பாராட்டு விழாவாக மாறுவது. மேடையில் ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருப்பார்கள். சால்வைகள் போர்த்தப்படும். மின்விசிறி வாங்கித் தந்தவருக்கு நன்றி சொல்லப்படும். இரண்டு மணி நேரம் கழிந்தபின், "பெற்றோர்கள் ஏதாவது கேட்க விரும்பினால் கேட்கலாம்" என்று ஒரு குரல் ஒலிக்கும். அப்போது தேநீரும் வந்துவிடும். கழகத் தலைவராக இருப்பவருக்கு அப்பள்ளியில் படிக்கும் பிள்ளையே இருக்காது. இருபது ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்துப் போயிருக்கும்.

மற்றொன்று, கூட்டம் வழக்காடு மன்றமாக மாறுவது. ஒருவர் எழுந்து ஒரு ஆசிரியரின் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னிலையிலும் குற்றம் சாட்டுவார். ஆசிரியர்கள் முகம் இறுகிப்போவார்கள். அடுத்த கூட்டத்தை எப்படித் தவிர்ப்பது என்று பள்ளி நிர்வாகம் யோசிக்கத் தொடங்கும்.

முதல் வகைக் கூட்டத்தில் பெற்றோருக்குப் பேச்சில்லை. இரண்டாம் வகையில் பேச்சு உண்டு, பயனில்லை. இரண்டிலும் பின்வரிசையில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் தாய், தன் மகன் ஏன் வாசிக்கத் தடுமாறுகிறான் என்ற கேள்வியைக் கேட்காமலேயே வீட்டுக்குத் திரும்புகிறார். நல்ல கழகத்துக்கு அளவுகோல் ஒன்றுதான் என்று நான் கருதுகிறேன்: அந்தத் தாயின் கேள்வி வெளியே வந்ததா, அதற்கு விடை கிடைத்ததா?

எப்படி நடத்த வேண்டும்?

முதலாவது, தலைமை. கழகத்தையும் குழுவையும் நடத்துபவர்கள் தற்போது அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். செல்வந்தர்களின் உதவியைப் பெறலாம், பெற வேண்டும். ஆனால் கொடுத்ததற்காகப் பதவியும் கொடுப்பது முறையன்று. கொடையாளர் தலைவராக அமர்ந்தபின் அவர் செலவைப் பற்றி யார் கேள்வி கேட்பார்?

இரண்டாவது, நேரம். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெற்றோர் வரவில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை. கடையில் நிற்பவருக்கும், தோல் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்கும் அது அரைநாள் கூலி. வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் ஊர்களில் ஜும்ஆவுக்குப் பின் அஸர் வரையிலான நேரம் பலருக்கு ஏற்றது. மற்ற ஊர்களில் சனிக்கிழமை மாலை பொருந்தலாம். பெற்றோரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பள்ளிவாசலில் அறிவிப்பதோடு நின்றுவிடவும் கூடாது. அது தாய்மார்களின் காதுக்கு எட்டாமல் போகக்கூடும்.

மூன்றாவது, பேசுபொருள். ஒரு கூட்டத்துக்கு மூன்று பொருள்கள் போதும். அவற்றை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். முதல் பொருள் எப்போதும் வருகைப் பதிவாக இருக்கட்டும். தொடர்ந்து வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் வரவில்லை, யார் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுவது? பெயர்களைக் கூட்டத்தில் வாசிக்கத் தேவையில்லை. குடும்பங்களின் மானம் காக்கப்பட வேண்டும். குழுவில் உள்ள நான்கைந்து பேர் அப்பட்டியலை வைத்துக்கொண்டு தெருவாரியாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் இவ்வாறு செய்தபோது, ஒன்பதாம் வகுப்பில் காணாமற்போன சிறுவர்களில் பெரும்பாலோர் ஒரே கடைவீதியில் வேலைக்கு நிற்பது தெரியவந்தது. கடைக்காரர்களோ அதே ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள். பள்ளி நேரத்தில் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அவர்களிடம் பேச ஆசிரியர்களால் இயலவில்லை, பெற்றோர் பேசினார்கள். எல்லோரும் திரும்பிவிடவில்லை. சிலர் திரும்பினார்கள். பள்ளி தனியாகச் செய்ய முடியாத ஒன்றைக் கழகம் செய்ய முடியும் என்பதற்கு இதுவே போதிய எடுத்துக்காட்டு.

நான்காவது, கணக்கு. பிள்ளைகளின் பெயரால் திரட்டப்படும் ஒவ்வொரு ரூபாயும் அமானத். வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை அவசரமாக வாசித்து முடிப்பது அமானத்தைப் பேணுவதாகாது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கொடுக்க இயலாத பெற்றோரிடம் வற்புறுத்தி வாங்கக் கூடாது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி அடிப்படை உரிமை. சேர்க்கைக்காக நன்கொடை கேட்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. கொடுக்காதவரின் பிள்ளை வகுப்பில் தலைகுனியும்படி நடந்துகொண்டால், அந்தப் பணத்தால் கட்டிய கட்டடத்தில் பரக்கத்தை எங்கே தேடுவது?

ஐந்தாவது, ஆசிரியரின் கண்ணியம். தனிப்பட்ட ஓர் ஆசிரியர் மீதான முறையீடு தலைமையாசிரியரிடம் எழுத்தில் போக வேண்டும். கூட்டத்தில் பேச வேண்டியது பொதுவான குறைகளை: குடிநீர், கழிப்பறை, காலிப் பணியிடம், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான ஏற்பாடு. எனினும் அடி, அவமதிப்பு, தகாத நடத்தை போன்றவை வந்தால் கண்ணியம் என்ற பெயரில் மூடி மறைக்கவும் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்ற பள்ளிக்கல்வித்துறை உதவி எண்ணும் ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய பணிகள்

பொதுவான இப்பணிகளோடு, முஸ்லிம் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளிகளின் கழகங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

பெயர்ச் சிக்கலை முதலில் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது', பள்ளிப் பதிவேட்டில் 'மொகமது'. ஆங்கில எழுத்தில் இன்னும் நான்கு விதம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறியபின் இதைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். கடவுச்சீட்டு எடுக்கும்போது மீண்டும் அலைய வேண்டும். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளின் ஆவணங்களையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ஒரு நாளைக் கழகம் நடத்தினால், அது பத்து மின்விசிறிகளைவிடப் பெரிய உதவி.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி, ஷேக், சையது என அரசுப் பட்டியலில் உள்ள பிரிவின் பெயரோடு சான்றிதழ் பெற வேண்டும். கல்லூரிச் சேர்க்கை வந்தபின் ஓடுவதைவிடப் பள்ளியிலேயே இதற்கு வழிகாட்டலாம்.

உதவித்தொகைகளையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்வு பெறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. தமிழ்வழியில் படித்த உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவை விரிவாக்கப்பட்டுள்ளன. பத்தாம் வகுப்போடு மகளின் படிப்பை நிறுத்தலாமா என்று தயங்கி நிற்கும் ஒரு குடும்பத்தின் முடிவை இந்தத் தகவல்களே மாற்றக்கூடும்.

நம் நிறுவனங்கள் விதிவிலக்கா?

நம் சமுதாயப் பெரியவர்கள் கட்டியெழுப்பிய சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி இப்பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை கூறும் பணி மட்டுமே உண்டு. கல்வி உரிமைச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்ற வினாவை உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு 2025இல் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் பரிந்துரைத்திருக்கிறது.

நீதிமன்றம் எவ்வாறு முடிவு செய்தாலும் நம் கடமை மாறாது. அரசியல் சாசனத்தின் 30ஆவது பிரிவு தந்த உரிமை நம் பிள்ளைகளுக்காகத் தரப்பட்டது. பெற்றோரின் கேள்விகளிலிருந்து நிர்வாகிகள் தப்பித்துக்கொள்ளும் கேடயமாக அதை ஆக்கக் கூடாது. கலந்தாலோசனை என்னும் பொருள் தரும் 'அஷ்ஷூரா' என்பது திருக்குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்தின் பெயர். மஷூராவைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம், நம் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயிடம் ஆலோசனை கேட்கச் சட்டம் வற்புறுத்தும் வரை காத்திருக்க வேண்டுமா?

இரண்டு தயக்கங்கள்

"படிக்காத பெற்றோர் என்ன சொல்லிவிட முடியும்?" என்று சில நிர்வாகிகள் கேட்கிறார்கள். பாடத்திட்டத்தை வகுக்கும்படி அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. தன் மகள் பள்ளியில் தண்ணீர் குடிக்காமலேயே வீட்டுக்கு வருவது ஏன் என்று சொல்ல ஒரு தாய்க்குப் பட்டம் தேவையில்லை. கழிப்பறையின் நிலையை அந்த ஒரு செய்தி எந்த ஆய்வறிக்கையையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

"பேசினால் என் பிள்ளையின் மீது கோபம் காட்டுவார்களே" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் பொய்யன்று. அதனால்தான் குறைகளைத் தனித்தனியாகக் கேட்காமல், வகுப்புவாரியாகத் திரட்டி, பெயரில்லாமல் எழுதி, குழுவின் சார்பில் முன்வைக்க வேண்டும். எடுத்த முடிவையும், அதைச் செய்யப் பொறுப்பேற்றவரையும், செய்து முடிக்க வேண்டிய நாளையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்தை வாசித்தே தொடங்கட்டும். சென்ற முறை சொன்னது நடந்திருக்கிறது என்று ஒருமுறை கண்டுவிட்டால், அடுத்த முறை அந்தத் தாய் பக்கத்து வீட்டுத் தாயையும் அழைத்து வருவார்.

சகோதர சகோதரிகளே, அடுத்த கூட்டத்துக்கான சீட்டைப் பிள்ளை கொண்டுவந்து நீட்டும்போது, கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவதோடு நில்லாதீர்கள். போய் அமருங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இம்மாதம் பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர்? சென்ற கூட்டத்தில் முடிவு செய்தவற்றில் எவை நிறைவேறின? திரட்டிய பணம் எதற்குச் செலவானது? பணிவோடு கேளுங்கள், விடை கிடைக்கும் வரை கேளுங்கள். நம் பிள்ளைகளைப் பற்றி நாளை நம்மிடமும் கேள்வி உண்டு என்பதை அறிந்தவர்கள் நாம்.